ஒரு கதை, கூடவே ஒரு வரலாறு: சுவா வட்டார வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலச் சுவாவிலும், சுற்றியுள்ள ரந்தாவ், சிலியாவ், லிங்கி பகுதித் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுப் போர்டிக்சன், சிரம்பான் தாமான்களுக்குக் குடிபோன வீடுகளிலும் இருக்கும் தமிழ் வாசகர்களுக்கும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும் எழுதும் மடல் இது.

அடுத்து என்ன படிக்கலாம் என்று ஒரு பிள்ளை கேட்டால், பள்ளியில் தேர்வுக்குரிய நூலைக் காட்டுவார்கள். வீட்டில் பொன்னியின் செல்வனைக் காட்டுவார்கள். இரண்டையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வாசிப்பு அந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. பெரியவர்களின் நிலையும் அதிகம் வேறில்லை. கதை படிப்பவர் கதையை மட்டும் படிக்கிறார். தன்னம்பிக்கை நூல் படிப்பவர் அதை மட்டும் வாங்குகிறார். வரலாறு படிப்பவர் நாவலைத் தொடுவதில்லை.

இந்த மடல் முன்வைக்கும் யோசனை எளிமையானது. நூல்களைத் தனித்தனியாகத் தேடாமல் சோடியாகத் தேடுங்கள். ஒரு நாவலைக் கையில் எடுத்தால், அதே நிகழ்வை, அதே ஊரை, அதே மரத்தைப் பற்றிய உண்மை நூல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். எந்தத் துறையில் தொடங்குவது என்று தயங்க வேண்டாம். தோட்டப்புறத்து வாசகருக்குத் தொடக்கம் காலடியிலேயே இருக்கிறது.

சயாம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-இலும் 1943-இலும் ஜப்பானிய ராணுவம் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் லாரிகளிலும் சரக்கு ரயில்களிலும் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். நெகிரி செம்பிலானில் வயதானவர்கள் உள்ள எந்தக் குடும்பத்தில் விசாரித்தாலும், சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் பெயர் அடிபடக்கூடும். அந்தப் பெயரோடு சேர்ந்து வேறு தகவல் எதுவும் பெரும்பாலும் கிடைக்காது. அந்த இடத்தில்தான் புத்தகம் உதவிக்கு வருகிறது.

முதலில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. 1993-இல் வெளிவந்த மலேசிய நாவல். அதை முடித்த கையோடு, இதே ரயில்பாதையைப் பற்றி சீ. அருண் எழுதிய நூலை எடுங்கள். அது கதையல்ல, ஆய்வு. நாவலில் ஒரு மனிதனின் பசியும் பயமும் வாசகரின் உடம்புக்குள் இறங்குகின்றன. ஆய்வு நூலில் அந்த ஒரு மனிதன் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன் என்பது புரிகிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவதைப் படித்தால் எண்ணிக்கை மட்டும் நினைவில் நிற்கும். இரண்டாவது இல்லாமல் முதலாவதைப் படித்தால், இதெல்லாம் எழுத்தாளரின் கற்பனை என்று பின்னாளில் யாராவது சொல்லும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டிவரும். இதே களத்தில் அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலும் இருக்கிறது. ஒரே நிகழ்வை இரண்டு நாவலாசிரியர்கள் எப்படி வேறு வேறாகப் பார்த்தார்கள் என்று ஒப்பிடுவதே நல்ல பயிற்சி.

இங்கிருந்து வழி வெளியுலகுக்குப் போகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர்த் தோட்ட அதிகாரியாக இருந்தவர். அவர் 1952-இல் வெளியிட்ட குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய நாவலும், 1957-இல் டேவிட் லீன் எடுத்த படமும் இந்த ரயிலை உலகமெங்கும் அறிய வைத்தன. படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். ஆனால் அந்தக் கதையின் நடுவில் நிற்பவர்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். உண்மையில், பாதை போட்ட போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் என்றால், ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். இறந்துபோன கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல் கிடையாது. பூலின் நாவலையும் சண்முகத்தின் நாவலையும் அடுத்தடுத்துப் படிக்கும் பதினாறு வயது மாணவருக்கு, வரலாற்றை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி ஆசிரியர் தனியாக வகுப்பு எடுக்கத் தேவையிருக்காது.

அதே போரை எதிர்ப்பக்கத்துக் குழந்தை எப்படி அனுபவித்தாள்? தெட்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழில் கிடைக்கிறது. தோக்கியோவில் ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருந்த ஒரு சின்னப் பள்ளியின் உண்மைக் கதை அது. 1945-இல் விமானக் குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோனது. சயாமில் ரயில் பெட்டி எதற்குப் பயன்பட்டது, தோக்கியோவில் எதற்குப் பயன்பட்டது என்று பிள்ளைகளையே பேச விடுங்கள். ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு மாணவர்கள் தாராளமாகப் படிக்கக்கூடிய நூல். கதைபோல ஓடும் உண்மை நூலுக்கு அதைவிட நல்ல அறிமுகம் அரிது.

அடுத்தது பால்மரம்.

ஞானபீட விருது பெற்ற அகிலன் மலேசியாவுக்கு வந்து தோட்ட வாழ்க்கையைப் பார்த்து எழுதிய 'பால்மரக் காட்டினிலே' பல வீடுகளில் இருந்திருக்கும். அது விருந்தாளியின் கண். அதன் பக்கத்தில் தோட்டத்திலேயே வளர்ந்தவரின் கண்ணையும் வைக்க வேண்டும். கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' அதற்குப் பொருத்தமான நாவல். பெரட்டு, தீம்பார், மங்கு, ஒட்டுப்பால், லயத்து வீடு, கிராணி என்று பாட்டி தாத்தா புழங்கிய உலகம் அடிக்குறிப்பு தேவைப்படாத இயல்போடு வருகிறது. முத்துசாமிக்கு 2017-ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது கோயம்புத்தூரில் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு வாசகர்கள் தேடிப் படிக்கும் இந்த எழுத்தாளர், மலேசியத் தோட்டப்புறத்து வீடுகளில் இன்னும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை என்பது வருத்தமான உண்மை.

அதே மரம் கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன செய்தது என்பதை ஜெயமோகனின் முதல் நாவலான 'ரப்பர்' சொல்கிறது. 1990-இல் வெளிவந்தது; அகிலன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றது. அங்கே மரம் நிலத்தையும் குடும்பங்களையும் மாற்றுகிறது. இங்கே கடல் கடந்து மனிதர்களையே கொண்டுவந்தது.

நாவல்களோடு உண்மைச் செய்திகளையும் தேடுங்கள். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896-இல் சுவாவுக்கு அண்டைய மாநிலமான மலாக்காவில் டான் சே யான் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டார். ஜோ ஜாக்சன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் விக்கத்தின் கதையை 2008-இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருக்கிறார்; துப்பறியும் கதை போல விறுவிறுப்பானது. விதை பறிபோன தென்னமெரிக்கக் காடுகளில் ரப்பருக்காகப் பழங்குடிகள் பட்ட வதையை, நோபல் பரிசு பெற்ற மரியோ வர்கஸ் யோசா 2010-இல் ஒரு நாவலாக எழுதினார். ரோஜர் கேஸ்மென்ட் என்ற உண்மையான மனிதர்தான் அதன் நாயகர். ஆக, பால் வெட்டியவர்களின் துயரம் சுவாவோடும் சிலியாவோடும் முடிந்துவிடவில்லை. அமேசான் வரை அதற்கு உறவு இருக்கிறது.

இந்த வரிசையில் இன்னொரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் தோட்டத் துரையாக இருந்தார். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய 'மலேசி' என்ற நாவலுக்கு 1930-இல் பிரான்சின் உயரிய கோன்கூர் பரிசு கிடைத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் அந்த நாவலுக்குள் நடமாடுகிறார்கள். அதே மனிதர்தான் 1917-இல் கோலசிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர். இன்று நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்பதன் ஆரம்பம் ஒரு நாவலாசிரியரின் கையில் இருக்கிறது. இலக்கியத்தையும் விவசாய வரலாற்றையும் தனித்தனி அலமாரியில் வைத்தால் இந்த ஒரு செய்தி யார் கண்ணிலும் படாது.

புலம்பெயர்வைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கலாம். முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்த ஒரு குடும்பத்தின் தன்வரலாறு. முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழில் தந்தார். துரைகளும் தலைவர்களும் எழுதாத சமையலறை, பிரசவம், கல்யாணச் சண்டை எல்லாம் அதில் உண்டு. அதற்கு இணையாக ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படியுங்கள். மேடானில் வேலை பார்த்து, போர் முடிந்தபின் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றியவர் சிங்காரம். மேடான், பினாங்கு, ஜப்பானியர் காலம், இந்திய தேசிய ராணுவம் ஆகியவை அந்த நாவலின் களம். நூலாக வந்த 1972-இல் அதைக் கவனித்தவர்கள் குறைவு. இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றாக அதைச் சொல்லாத விமர்சகர் அபூர்வம். முத்தம்மாளின் நூலில் பெண்கள் வீட்டைக் கட்டிக் காக்கிறார்கள். சிங்காரத்தின் நாவலில் ஆண்கள் அலைகிறார்கள். ஒரு சமூகத்தின் முழு உருவம் இரண்டையும் சேர்த்தால்தான் தெரியும்.

தேசிய ராணுவம் என்றதும் ஒரு தகவல். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி சுபாஷ் சந்திர போசை எட்டியபோது அவர் இருந்த ஊர் சிரம்பான். அவருடைய ஆசாத் இந்து அரசில் அமைச்சராக இருந்த எஸ். ஏ. அய்யர் 1951-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நினைவு நூலில் அந்த நாட்களை எழுதியிருக்கிறார். சுவா மாணவர்கள் பேருந்தில் போய்வரும் ஊரில் அந்த வரலாறு நடந்திருக்கிறது. அதோடு சேர்த்து அ. ரெங்கசாமியின் 'இமயத் தியாகம்' நாவலைப் படிக்கலாம்.

மலையகத்தையும் மறக்க வேண்டாம். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றிய மருத்துவர் பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை அதுதான். இலங்கை மலையகத்துக்கு சி. வி. வேலுப்பிள்ளை, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் எழுத்துகள் இருக்கின்றன. கங்காணியும் லயமும் அங்கேயும் உண்டு.

சொந்தத் துயரத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இந்த மடல் சொல்லவில்லை. பறவைகளைப் படியுங்கள். போர்டிக்சனை ஒட்டிய தஞ்சோங் துவானுக்கு மேலே ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்ராவிலிருந்து கடல் தாண்டித் தேன் பருந்துகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அவற்றைப் பார்ப்பதற்காகவே கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சு. தியடோர் பாஸ்கரனின் 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' போன்ற சூழலியல் கட்டுரை நூல்களில் ஒன்றைப் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள். திரும்பி வந்து ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையை வீட்டில் சத்தமாகப் படியுங்கள். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மையான கால்நடை மருத்துவரின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை அது. புனைவுக்கும் உண்மைக்கும் நடுவே கோடு எங்கே என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வராது.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு: மலாய். ஷானன் அகமது 1966-இல் எழுதிய 'ரஞ்சாவ் செபாஞ்சாங் ஜாலான்' கெடா நெல் வயலில் நண்டோடும் பறவையோடும் வெள்ளத்தோடும் போராடும் குடும்பத்தின் நாவல். அதை மூல மொழியிலேயே இவர்களால் படிக்க முடியும். மலாக்காவில் 1796-இல் பிறந்த முன்ஷி அப்துல்லா எழுதிய 'ஹிக்காயாட் அப்துல்லா' மலாய் மொழியின் புகழ்பெற்ற தன்வரலாறு. தமிழ் வேர் உள்ள குடும்பத்தில் பிறந்த அவர், சிறு வயதில் தமிழ் படிக்க அனுப்பப்பட்டதையும் அதில் எழுதியிருக்கிறார். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தில் வரும் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் இதையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் ஒருவராவது சுவா வட்டாரத்தில் உருவாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வரலாற்று நாவல் வரலாறு அல்ல. கல்கியின் நந்தினியைச் சோழர் கல்வெட்டில் தேட முடியாது. அதேபோல் அச்சில் வந்த தன்வரலாறு என்பதற்காக ஒவ்வொரு வரியும் உண்மை ஆகிவிடாது. நினைவு தவறும், சொல்பவர் சிலவற்றை மறைப்பார். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கப் பழகிய பிள்ளை, நாளை கைப்பேசியில் வந்து விழும் எந்தச் செய்தியையும் அப்படியே விழுங்காது.

புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி நியாயமானது. இருபது கடை ஏறி இறங்கும் வசதி சுவாவில் இல்லை. ஆனால் கோலாலம்பூரில் ஜெயபக்தி, உமா பதிப்பகம் போன்ற தமிழ்ப் புத்தக நிறுவனங்கள் உள்ளன. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் பயணத்திலேயே நான்கு நூல்கள் வாங்கிவரலாம். இணையத்தில் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம், 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், கட்டணமில்லா மின்னூல்களைத் தரும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கான நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மலேசிய எழுத்தாளர் யார், எதை எழுதினார் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் விக்கியிலும் வல்லினம் இதழின் பழைய பக்கங்களிலும் நிறைய இருக்கிறது.

கூடிப் படிப்பது தமிழருக்குப் புதிதில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்; நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்தார்.  இங்கேயும் 1950-இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். அதில் பயின்ற சாதாரண வாசகர்கள் பலர் பிறகு இந்நாட்டின் எழுத்தாளர்கள் ஆனார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. ஒரு நாளிதழ் நிற்கும்போது நூல் மதிப்புரையும் ஞாயிறு மலரும் சேர்ந்தே நின்றுபோகின்றன. புதிய நூல் வந்தது என்று சொல்ல ஆள் குறைகிறது. அந்த வேலையை இனி வாசகர்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு அலமாரிக்கு இடம் கேளுங்கள். பள்ளியில் இடமில்லை என்றால் கோயில் மண்டபத்தில் கேளுங்கள். அதன் ஒவ்வொரு தட்டிலும் ஒரு நாவலும் அதற்குத் துணையாக ஓர் உண்மை நூலும் இருக்கட்டும். மாதம் ஒரு சோடி போதும். ஆண்டுக்கு 24 நூல்கள் ஆகிவிடும். இரவல் நோட்டுப் புத்தகத்தைப் படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு மாணவியிடம் ஒப்படையுங்கள். முதல் மாதத்துக்கு ஆர். சண்முகத்தின் நாவலையும் சீ. அருணின் ஆய்வையும் வாங்குங்கள். படித்து முடித்தவர்கள், சயாமுக்குப் போன தங்கள் குடும்பத்தவர் பெயரையும் அவர் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையும் அந்த நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.